ஒரே லேப்டாப், இரண்டு கிராபிக்ஸ் பெயர்கள்: எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருக்கிறார். 16 ஜிபி ராம், விண்டோஸ். அதில் என்ன கிராபிக்ஸ் கார்டு என்று பார்க்கப் போனால் ஒரு இடத்தில் இன்டெல் யுஎச்டி என்று வருகிறது, இன்னொரு இடத்தில் என்விடியா என்று வருகிறது. மெமரியும் அப்படித்தான், ஓரிடத்தில் 4 ஜிபி, வேறோரிடத்தில் 12 ஜிபி. விற்றவர் 12 ஜிபி கார்டு என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். வாங்கியவருக்கு வீடியோ எடிட்டிங் செய்ய வேண்டும். "உண்மையில் என்னிடம் இருப்பது எந்தக் கார்டு, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார்.

பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தேவைப்படுவது மூன்று விஷயங்கள்: மெஷினுக்குள் என்னென்ன கிராபிக்ஸ் சிப் இருக்கிறது, அதற்குச் சொந்தமான மெமரி எவ்வளவு, நீங்கள் வேலை செய்யும்போது அவற்றில் எது உழைக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் திரைக்குத் திரை வேறு பதில் வருவது போலத் தெரிகிறது.

முதலில் உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் பார்த்த இரண்டு பெயருமே சரி. உங்கள் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் இருக்கின்றன. இன்டெல் யுஎச்டி என்பது பிராசஸருக்குள்ளேயே இருப்பது. என்விடியா தனியாக மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருப்பது. எழுதுவது, படிப்பது, படம் பார்ப்பது போன்ற வேலைகளை இன்டெல் கவனித்துக்கொள்ளும். கனமான வேலை வரும்போது என்விடியா விழித்துக்கொள்ளும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று இப்படி ஒரு ஏற்பாடு. என்விடியா இதை ஆப்டிமஸ் என்ற பெயரில் 2010இல் கொண்டுவந்தது. இன்று தனி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் இயங்குகின்றன.

மெமரியில் 4 ஜிபிதான் உண்மை. 12 ஜிபி என்பது ஒரு கூட்டல் கணக்கு. கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி தீர்ந்துபோனால், கம்ப்யூட்டரின் பொது ராமில் ஏறக்குறைய பாதிவரை கடன் வாங்கிக்கொள்ள விண்டோஸ் அனுமதிக்கிறது. உங்கள் 16 ஜிபியில் பாதி 8. அந்த 8ஐயும் கார்டின் சொந்த 4ஐயும் கூட்டி, "தோராய மொத்த மெமரி" என்று ஒரு வரியில் 12 என்று காட்டுகிறது. அந்த எண் பொய்யில்லை, ஆனால் அதைக் கார்டின் மெமரி என்று சொல்வது தவறு. கடன் வாங்கிய ராம் கார்டின் சொந்த மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. எடிட்டிங்கில் அந்த எல்லையைத் தாண்டும்போது டைம்லைன் திணறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விற்றவர் வேண்டுமென்றே சொன்னாரா, திரையில் கண்டதை அப்படியே சொன்னாரா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இந்த வரியை நம்பி நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்பவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

சரி, எங்கே பார்ப்பது? விண்டோஸ் 10இன் 2017 அக்டோபர் பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரே போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இருக்கும் (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்). ஒவ்வொன்றையும் கிளிக் செய்தால் வலது மேல் மூலையில் முழுப் பெயர் தெரியும். கீழே பாருங்கள். டெடிகேட்டட் ஜிபியு மெமரி என்ற இடத்தில் 0.3/4.0 ஜிபி என்பது போல இருக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 4.0தான் கார்டின் சொந்த மெமரி. அதற்கு அருகிலேயே ஷேர்டு என்று இருப்பதுதான் நான் சொன்ன கடன். 0, 1 என்ற எண்களுக்குத் தரவரிசை அர்த்தம் எதுவும் இல்லை. உங்களுடையது போன்ற லேப்டாப்களில் பெரும்பாலும் இன்டெல் 0 ஆகவும் என்விடியா 1 ஆகவும் வரும், அவ்வளவுதான். ஜிபியு என்ற வரியே இல்லையென்றால் விண்டோஸ் பழைய பதிப்பாக இருக்கலாம், அல்லது டிரைவர் (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) மிகப் பழையதாக இருக்கலாம். அதை வைத்துக் கார்டே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொரு வழி, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடிப்பது. நீங்கள் 12 ஜிபியைப் பார்த்தது அநேகமாக இங்கேதான். இதில் டிஸ்ப்ளே என்ற பக்கம் திரையை இயக்கும் சிப்பைக் காட்டும். இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்பில் அது இன்டெல். திரையோடு நேரடித் தொடர்பில்லாத என்விடியா, ரெண்டர் என்ற தனிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டிஸ்ப்ளே பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "என்விடியா என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று வருத்தப்படுபவர்கள் பக்கத்து டேபைத் திறந்து பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இன்டெல்லுக்கு நேராக 128 எம்பி என்று ஒரு சொந்த மெமரி காட்டினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் பொது ராமிலிருந்து ஒதுக்கியதுதான். பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ஏஎம்டி மெஷின்களில் இதே ஒதுக்கீடு 512 எம்பி, 2 ஜிபி என்று இருக்கும். அது டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் என்றே வருவதால், தனி கார்டு இருப்பதாகத் தோன்றும். ஏஎம்டி ரேடியான் கிராபிக்ஸ் என்று மாடல் எண்ணே இல்லாமல் மொட்டையாக ஒரு பெயர் வந்தால், அது பிராசஸருக்குள் இருப்பது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரே வரி அடித்துக் கண்டுபிடிக்கும் வழியைப் பலர் சொல்லித் தருவார்கள். பெயருக்கு அது சரி. மெமரிக்கு நம்ப வேண்டாம். அந்த வழியில் மெமரி அளவு 32 பிட் எண்ணாகச் சேமிக்கப்படுவதால் 4 ஜிபிக்கு மேல் அதனால் சொல்லவே முடியாது. 8 ஜிபி கார்டும் 12 ஜிபி கார்டும் அதன் கணக்கில் 4 ஜிபிதான். சரியான கார்டை வாங்கிவிட்டு, இந்த எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள்கூட உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் டிரைவர் சரியாக இருக்கும் மெஷினுக்கு. புதிதாக விண்டோஸ் போட்ட மெஷினில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று ஒரு பெயர் வரும். அது எந்தக் கார்டின் பெயரும் இல்லை. சரியான டிரைவர் கிடைக்கும்வரை திரையில் ஏதாவது தெரியட்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் தற்காலிக ஏற்பாடு. தூரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து பார்த்தாலும், வர்ச்சுவல் மெஷினுக்குள் பார்த்தாலும் இப்படி ஒரு மாற்றுப் பெயர்தான் கிடைக்கும். டிரைவர் இல்லாத மெஷினில் பெயரை விட்டுவிட்டு, ஹார்டுவேர் ஐடி என்ற எண்ணைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் பெயரைவிட இந்த எண்ணைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்து, உள்ளே இருப்பதை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் பக்கம், அங்கே உள்ள பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ். நீளமாக ஒரு வரி வரும். அதில் விஇஎன் என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்து எண் சிப் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். டிஇவி என்பதற்குப் பின் வரும் நான்கு சிப்பின் மாடல். அப்புறம் எட்டு எழுத்தில் இன்னொரு கோவை வரும். அதன் கடைசி நான்கு, கார்டையோ லேப்டாப்பையோ செய்த நிறுவனம். 1043 ஆசூஸ், 1458 கிகாபைட், 1462 எம்எஸ்ஐ, 1028 டெல், 103சி எச்பி, 17ஏஏ லெனோவோ. சிப் செய்தவரும் கார்டு செய்தவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை இங்கே நேராகப் பார்க்கலாம். டெஸ்க்டாப் கார்டுக்கு டிரைவர் வேண்டுமென்றால் சிப் நிறுவனத்திடம் போங்கள், வாரண்டி வேண்டுமென்றால் கார்டு செய்தவரிடம் போங்கள். டிரைவரே இல்லாத மெஷினிலும் இந்த எண் வரும். இதை அப்படியே காப்பி செய்து இணையத்தில் தேடினால் மாடல் கிடைத்துவிடும்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஜிடி 730 என்ற கார்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்த ஒரே பெயரில் என்விடியா இரண்டு வேறு தலைமுறைச் சிப்களை விற்றது. ஒன்று ஃபெர்மி என்ற பழைய தலைமுறை, 96 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு). மற்றது கெப்ளர், 384 கோர். பெட்டியில் பெயர் ஒன்றே, டாஸ்க் மேனேஜரிலும் பெயர் ஒன்றே. மாடல் எண் மட்டும் 0எஃப்02 என்றால் ஃபெர்மி, 1287 என்றால் கெப்ளர். ஃபெர்மிக்கான வழக்கமான டிரைவர் வெளியீடுகள் 2018இல் நின்றுவிட்டன. கெப்ளருக்கு 2021வரை வந்தன. கெப்ளருக்கான டிரைவரை ஃபெர்மி கார்டில் போட முயன்று, "கார்டு கெட்டுப்போச்சு" என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த நான்கு எழுத்துகளைத்தான். அதேபோல ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 2014இல் வந்தபோது, தன்னைவிடப் பெரிய எண் உள்ள ஜிடிஎக்ஸ் 780ஐவிடப் புதிய தலைமுறைச் சிப்போடு வந்தது. பெயரில் உள்ள எண்ணை மட்டும் வைத்துப் புதியது, பழையது என்று பேச முடியாது.

சிப் ஒன்றாகவே இருந்தாலும் மெமரியின் வகை மாறலாம். ஜிடி 1030 முதலில் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. நொடிக்கு 48 ஜிபி கடத்தும். அடுத்த வருடம் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 போட்டு ஒன்றை விட்டார்கள். அது நொடிக்கு 17 ஜிபிகூடக் கடத்தாது. பெயர் அதே ஜிடி 1030. வாங்குபவருக்கு இதைச் சொல்லாமல் விற்பது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. வித்தியாசம் மெமரியில் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, 3 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு: 1280க்குப் பதில் 1152.

உங்களுடையது லேப்டாப் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் வரும் பெயரும் டெஸ்க்டாப்பில் வரும் பெயரும் ஒன்றாக இருந்தால், திறனும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090இல் 24 ஜிபி மெமரி. அதே பெயரிலுள்ள லேப்டாப் வடிவத்தில் 16 ஜிபி, சிப்பும் ஒரு படி சிறியது. போதாததற்கு, லேப்டாப் செய்யும் நிறுவனம் அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுப்பது என்பதையும் தானே தீர்மானிக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். ஒரே பெயருள்ள இரண்டு லேப்டாப்களில் ஒன்று எடிட் செய்த வீடியோவை முடித்துக் கொடுத்த பிறகும் மற்றது ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற சுட்டியைத் திறந்தால் மெமரியின் வகை, கோர் எண்ணிக்கை எல்லாம் வரும். சமீபத்திய டிரைவர்களில் அதிகபட்ச கிராபிக்ஸ் வாட் அளவும் வரும். உங்களுக்குத் தேவையான தகவல்கள் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான்.

அடுத்தது, எது உழைக்கிறது என்பது. கார்டு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. எடிட்டிங் மென்பொருளில் ஒரு கிளிப்பை ஓடவிட்டுக்கொண்டே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். என்விடியா பக்கம் பூஜ்யத்திலேயே கிடந்து இன்டெல் மட்டும் ஏறினால், மென்பொருள் தவறான சிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்த மென்பொருளைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்வு செய்யுங்கள். சில கேமிங் லேப்டாப்களில் பேட்டரிச் சிக்கன முறையைப் போட்டால் தனி கிராபிக்ஸ் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். அப்படிக் காணாமல் போனால் பதறாமல் சார்ஜரைச் செருகி, அந்த முறையை அணைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு: மெஷினின் பின்பக்கம். மானிட்டர் கேபிள் மேலே யுஎஸ்பி, ஆடியோ துளைகள் இருக்கும் கூட்டத்தில் செருகியிருந்தால் அது மதர்போர்டு. அதற்குக் கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருக்கும் பட்டையில் செருகியிருந்தால் அது கார்டு. நல்ல கார்டைப் போட்டுவிட்டு, கேபிளை மதர்போர்டில் மாட்டி வைத்திருக்கும் மெஷின்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்த மெஷினில் திரை வருகிறது என்றாலே தனி கார்டு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு எல், எஸ், பி, சி, ஐ என்ற கட்டளை. ஒரே ஒரு எச்சரிக்கை: வரும் பட்டியலை விஜிஏ என்ற சொல்லை வைத்து வடிகட்டித் தேடாதீர்கள். லேப்டாப் என்விடியா பல நேரம் அதில் 3டி கன்ட்ரோலர் என்ற பெயரில் வரும், வடிகட்டினால் தவறிப்போகும். ஓபன்ஜிஎல் (மென்பொருள்கள் படம் வரையப் பயன்படுத்தும் இடைமுகம்) விவரத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால் கிராபிக்ஸ் சிப் எதுவும் வேலை செய்யவில்லை, பிராசஸரே படம் வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேக்கில் ஆப்பிள் மெனுவில் இந்த மேக்கைப் பற்றி என்பதிலேயே விடை இருக்கும். 2020 கடைசியில் வந்த எம்1 தொடங்கி, ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, மெமரியும் பொது. தனி கார்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பழைய கார்டு வாங்குபவர்கள் அறிய வேண்டிய ஒன்று: பெயரும் எண்ணும்கூடப் பொய் சொல்ல முடியும். பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டவைத்து விற்பது நடக்கிறது. விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே நம்பிக் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் சிப்பையே விசாரிப்பதால், 2018 முதல் இத்தகைய போலி என்விடியா கார்டுகளின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டுக் காட்டுகிறது. முன்பு சொன்ன ஆறெழுத்துக் கட்டளையின் திரையிலும் ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரியைப் பாருங்கள், சிப் எந்த அளவு கிராபிக்ஸ் வசதிகள்வரை தாங்கும் என்பதை அது சொல்லும். அசல் 1050 டிஐ என்றால் அதில் 12_1 இருக்க வேண்டும். 11_0உடன் நின்றுவிட்டால் அது அந்தக் கார்டு இல்லை. அசல் 1050 டிஐயின் தலைமுறைச் சிப்கள் பழைய நீல நிற விஜிஏ வெளியீட்டையே கைவிட்டுவிட்டதால், கார்டில் அந்தத் துளை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இடையில் மாற்றும் சிப் வைத்து விஜிஏ கொடுப்பதும் சாத்தியம் என்பதால், அந்த ஒன்றை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்பு சொல்ல மாட்டேன். உங்கள் கேள்வியில் உள்ளது போன்ற லேப்டாப்பில் இந்த மோசடிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. சிப் மதர்போர்டோடு பற்றவைத்தது.

இந்தத் திரைகள் எதுவும் சொல்லாத விஷயமும் உண்டு. கார்டு எத்தனை மணி நேரம் சூட்டில் உழைத்திருக்கிறது, உள்ளே வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டதா, விசிறி தேய்ந்துவிட்டதா என்பது பெயரிலும் தெரியாது, எண்ணிலும் தெரியாது. அதற்கு அரைமணி நேரம் கனமான வேலை கொடுத்து வெப்பத்தைக் கவனிப்பதுதான் வழி. ஜிபியு-இசட்டிலேயே சென்சார் பக்கம் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற கிளாக் வேகம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால், முதலில் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

உங்கள் மென்பொருள் கேட்பது 4 ஜிபி என்றால், உங்களிடம் சொந்தமாக 4 ஜிபி இருக்கிறது, எடிட்டிங் தொடங்கலாம். ஃபுல் எச்டி வேலைக்கு அது போதும். 4கே வீடியோவில் எஃபெக்டுகளை அடுக்கினால் இடிக்கும். விற்றவரிடம் பேசப் போகிறீர்கள் என்றால் டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் வரி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், ஹார்டுவேர் ஐடி வரியும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஐடி வரியை இங்கே கீழே ஒட்டினால், அது எந்தச் சிப் என்று பார்த்துச் சொல்கிறேன்.